சிறு விமானத்தில் எரிபொருள் கோளாறு: கண்டறியும் முறை

நம் நாட்டின் பறத்தல் பயிற்சி நிலையங்களில் மாணவர்கள் முதலில் ஓட்டிப் பழகுவது பெரும்பாலும் ஒற்றை என்ஜின் கொண்ட சிறு விமானமே. அந்த என்ஜின் வானில் நின்றுவிட்டால் உதவிக்கு வேறு என்ஜின் இல்லை. ஆகவே எரிபொருள் கோளாறை ஊகத்தால் அன்றி, ஒழுங்கான வரிசைப்படி, தரையிலேயே கண்டறிதல் இன்றியமையாதது. பரவலாகப் பயன்படும் செஸ்னா 172 விமானத்தின் கார்புரேட்டர் வகையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இதில் இரு இறக்கைகளிலும் உள்ள தொட்டிகளிலிருந்து பெட்ரோல் தன் எடையாலேயே இறங்கி என்ஜினை அடைகிறது.

1. அளவு

முதல் வினா, எரிபொருள் இருக்கிறதா என்பதே. அளவுமானியின் முள்ளை மட்டும் நம்புதல் கூடாது. மூடியைத் திறந்து அளவுகோலை இட்டுப் பார்க்க வேண்டும்.

2. தூய்மை

இரவின் குளிர்ச்சியில், பாதி நிரம்பிய தொட்டியினுள் ஈரம் நீராகப் படியக்கூடும். தேய்ந்த மூடி வழியே மழைநீரும் புகலாம். நீர் பெட்ரோலைவிடக் கனமானதாகையால் அடியில் தங்கும். எனவே ஒவ்வொரு வடிகுழாயிலிருந்தும் கண்ணாடிக் குவளையில் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். 100 எல்எல் எனும் விமானப் பெட்ரோல் நீல நிறமுடையது. மாதிரி முழுவதும் நிறமற்றிருப்பின், அது தூய்மைக்கு அடையாளமன்று. முழுவதும் நீராகவோ, தவறுதலாக நிரப்பிய ஜெட் எரிபொருளாகவோ இருக்கலாம். எத்தனால் கலந்த வாகனப் பெட்ரோலும் இவ்வகை விமானத்திற்கு ஏற்றதன்று. எத்தனால் நீரை ஈர்க்கும், ரப்பர் உறுப்புகளையும் கெடுக்கும்.

3. வழி

தேர்வு வால்வு உரிய நிலையில் உள்ளதா எனக் காண்க. என்ஜின் மெதுவாக ஓடும்போது சீராக இருந்து, முழு விசையில் தடுமாறினால், வடிகட்டி அடைபட்டிருக்கலாம். சிறிது நேரம் நன்கு ஓடிய பின் தடுமாறினால், தொட்டியின் காற்றுத் துளையை ஆராய வேண்டும். குளவி கூடு கட்டி அத்துளையை அடைத்துவிடுவது உண்டு. வெளியேறும் எரிபொருளின் இடத்தைக் காற்று நிரப்பாவிடில் ஓட்டம் தடைப்படும்.

4. கலவை

ஈரக் காற்றில், வெளிவெப்பம் 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருப்பினும், கார்புரேட்டரினுள் பனிக்கட்டி உருவாகலாம். என்ஜினின் சுழற்சி சிறிது சிறிதாகக் குறைவது இதன் அறிகுறி. வெப்பக் காற்றைச் செலுத்தினால் சுழற்சி முதலில் மேலும் குறையும். பனி உருகிய பின் உயரும். மாணவர் இந்த இடைவேளையில் அஞ்சி வெப்பத்தை நிறுத்திவிடலாகாது.

தடுமாற்றம் யாவும் எரிபொருளால் விளைவதன்று. இரு மாக்னெட்டோக்களையும் தனித்தனியே சோதிக்கையில், ஒன்றில் மட்டும் சுழற்சி அளவுக்கு மீறிக் குறையுமாயின் குறை தீப்பொறி அமைப்பைச் சார்ந்தது. கண்ட குறையைப் பதிவேட்டில் எழுதி, உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் சரிபார்த்துக் கையொப்பமிடும்வரை விமானத்தைப் பறக்கவிடலாகாது.

முன்பு இறக்குமதியையே நம்பியிருந்த 100 எல்எல் பெட்ரோலை, 2022இல் இந்தியன் ஆயில் நிறுவனம் தனது குஜராத் சுத்திகரிப்பு ஆலையில் உற்பத்தி செய்து வெளியிட்டது. பயிற்சித் துறைக்கு இது நற்செய்தியே. எனினும், ஆலையில் தூய்மையாகப் பிறக்கும் எரிபொருள் என்ஜின்வரை தூய்மையாகச் சென்றடைவது, நிலையத்தில் அன்றாடம் சோதிப்போரின் பொறுப்பாகும்.