வாசனை டீ... கொதிக்க விடாதீங்க!

தண்டலம், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்று ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்கள் உள்ள வீடுகளில் டீக்குக் கணக்கே கிடையாது. கிளம்பும்போது ஒன்று, திரும்பியதும் ஒன்று, டிபனோடு ஒன்று! இப்போது வாசனை டீ டப்பாக்களும் வீட்டுக்குள் வந்துவிட்டன. அதையும் வழக்கம்போல் பாலில் போட்டுக் கொதிக்க விட்டுவிட்டு, 'என்னங்க இது, ஒரு வாசனையும் காணோம்!' என்று அலுத்துக்கொண்டால் எப்படி?

வாசனை என்பது சட்டென்று ஆவியாகிவிடும் எண்ணெய். கொதிக்கக் கொதிக்கப் பறந்துவிடும். மிச்சத்தைப் பால் அமுக்கிவிடும்.

எர்ல் கிரே டீயில் இருப்பது பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் தோல் எண்ணெய். லாப்சாங் சூச்சோங் என்பது சீனாவின் ஃபுஜியான் மாகாணத்து வூயி மலைப் பகுதியில் பிறந்த டீ. பைன் விறகுப் புகையில் இலையை உலர்த்துவார்கள். முதல் வாய் குடித்ததும் 'அட, விறகடுப்பு வாசனை!' என்பீர்கள்.

எப்படித் தயாரிப்பது?

ஒரு டம்ளர் (150 மில்லி) தண்ணீரைக் கொதிக்க வைத்து அடுப்பை அணையுங்கள். ஒரு டீஸ்பூன் இலைத் தேயிலை போட்டு மூடுங்கள். 3 நிமிடத்தில் வடிகட்டிவிடுங்கள். அதற்கு மேல் ஊறினால் துவர்க்கும். புகை வாசனை தூக்கலாகத் தெரிந்தால், ஒரு பங்குக்கு நாலு பங்கு நீலகிரி இலைத் தேயிலை கலந்துகொள்ளலாம். புகையூட்டிய பண்டம் எதுவானாலும் எப்போதாவது போதும்.

நம்ம இஞ்சி, ஏலக்காய் டீ வேறு ரகம். அவற்றைத் தட்டிப் போட்டு, முதலில் தண்ணீரில் கொதிக்க விட்டு, தேயிலையைக் கடைசியில் போடுங்கள்.

ருசி பார்ப்பது எப்படி?

முதல் வாய்க்குச் சர்க்கரை வேண்டாம். ஊறிய இலையை முதலில் முகர்ந்து பாருங்கள். பிறகு 'சர்ர்' என்று உறிஞ்சுங்கள். 'சத்தம் போடாமக் குடி' என்று பாட்டி திட்டினாலும் பரவாயில்லை! டீ ருசி பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்களும் அப்படித்தான் உறிஞ்சுவார்கள். காற்றும் சேர்ந்து போனால்தான் வாசனை மூக்கை எட்டும்.

எப்போது குடிப்பது?

இதுதான் முக்கியம். டீயில் உள்ள டானின், கீரை, பருப்பு, தானியங்களில் இருக்கும் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உடம்பில் சேர விடாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. இதற்குக் காரணங்கள் பல. டீ மட்டுமே காரணமில்லை. ஆனால், முருங்கைக்கீரையைப் பார்த்துப் பார்த்துச் சமைத்துவிட்டு, கூடவே டீயைக் குடித்தால் பலன் குறையுமே!

சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி. காஃபீன் நாளுக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. ஒரு கப் டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் வரை இருக்கும். காபி குடித்தால் அதையும் கணக்கில் சேருங்கள். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்டு இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள். நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள், படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பே டீயை நிறுத்திவிடுவது நல்லது.

நாளையிலிருந்து ஒரே ஒரு மாற்றம்: டிபன் தட்டுக்குப் பக்கத்தில் டீ டம்ளர் வேண்டாம். பதினொரு மணிக்கு நிதானமாக உட்கார்ந்து குடியுங்கள். வாசனையும் தெரியும், சாப்பிட்ட கீரையும் வீணாகாது!