பிக்கப் வண்டிக்கு ஏற்ற டயரைத் தெரிந்தெடுத்தல்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்த ஸ்ரீரங்கத் தீவில், திருவானைக்காவிலிருந்து கல்லணைக்குச் செல்லும் பாதையை ஒட்டித் திருவளர்ச்சோலை, பனையபுரம், உத்தமர்சீலி, கிளிக்கூடு முதலிய கிராமங்கள் இருக்கின்றன. இப்பக்கங்களில் வாழை முக்கியமான பயிராகும். வெட்டிய தாரைத் தாமதமின்றித் திருச்சிராப்பள்ளி மண்டியில் சேர்த்தால்தான் நல்ல விலை கிடைக்கும். முன்னாளில் இவ்வேலையை மாட்டு வண்டிகள் செய்து வந்தன. இக்காலத்தில் பிக்கப் என்று வழங்கும் சிறு சரக்கு மோட்டார் வண்டிகளே பெரும்பாலும் இதனைச் செய்கின்றன.

அத்தகைய வண்டி ஒரே நடையில் மூவகைப் பாதைகளைக் கடக்க வேண்டியிருக்கிறது. முதலாவது, தோட்டத்தின் ஈரமண், இரண்டாவது, வாய்க்கால் கரையின் மண்பாதை, மூன்றாவது, தார்ச்சாலை. இம்மூன்றுக்கும் பொருந்தும் என்று சொல்லி, 'ஆல் டெரெயின்' என்னும் பெயரால் ஒருவகை டயர் கடைகளில் விற்கப்படுகிறது. ஏ.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படுவதும் அதுவே. அதனை வாங்குவது யாருக்கு அனுகூலம், யாருக்கு வீண் செலவு என்பதை விவசாயிகள் அறிந்துகொள்வது நலம். இதில் தவறு நேர்ந்தால் பணம் மட்டுமின்றி, சில சமயங்களில் உயிரும் நஷ்டமாகக்கூடும்.

பாரத்தைத் தாங்குவது எது?

காற்றடைத்த டயருக்கு ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் 1845-இல் உரிமை பெற்றார். எனினும் அது வழக்கத்துக்கு வந்தது, 1888-இல் டன்லப் என்பவர் அதனை மீண்டும் கண்டுபிடித்த பின்னரேயாகும். இருப்புப் பட்டை போட்ட கட்டை வண்டிச் சக்கரம் மணலில் புதைவதையும், ரப்பர் டயர் போட்ட வண்டி அதே மணலில் எளிதாகச் செல்வதையும் முதிய குடியானவர்கள் நன்கறிவார்கள். இதன் காரணம் யாதெனில், வண்டியின் பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவது ரப்பர் அன்று; உள்ளே அடைபட்ட காற்றேயாகும்.

ஒரு சக்கரத்தின்மேல் 900 கிலோ பாரம் இருப்பதாகவும், காற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோ என்றும் வைத்துக்கொண்டால், தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 225 சதுர சென்டிமீட்டராகும். அதாவது, பக்கத்துக்கு 15 சென்டிமீட்டர் உள்ள ஒரு சதுரம். வண்டியும் சரக்கும் ஓட்டுநரும் இத்தகைய நான்கு சிறு சதுரங்களின்மேல் நிற்கின்றனர். ஆதலால் டயரைத் தெரிந்தெடுக்கையில், பாரத்தை முதலாவதாகவும், பாதையை இரண்டாவதாகவும், ரப்பர்க் கட்டிகளின் தோற்றத்தைக் கடைசியாகவும் கவனிக்க வேண்டும். கடைகளில் பலர் இவ்வரிசையைத் தலைகீழாக்கிவிடுகின்றனர்.

பாரக் கணக்கு

டயரின் பக்கத்தில் '215/75 ஆர் 15' என்பது போன்ற குறி இருக்கும். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது, பக்கச் சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பது. ஆர் என்பது ரேடியல் அமைப்பைக் குறிக்கும். 15 என்பது சக்கர வளையத்தின் குறுக்களவு, அங்குலத்தில்.

இவற்றை அடுத்து வரும் எண்ணே விவசாயிக்கு மிக முக்கியமானது. அது பார எண்ணாகும். 100 என்றிருந்தால் அந்த டயர் 800 கிலோவும், 104 என்றிருந்தால் 900 கிலோவும், 108 என்றிருந்தால் 1,000 கிலோவும், 112 என்றிருந்தால் 1,120 கிலோவும் தாங்கும். அவ்வாறு தாங்குவதும் அதற்குரிய முழு அழுத்தத்தில் காற்று இருந்தால்தான்.

சரக்கு ஏற்றினால் பாரத்தின் பெரும்பங்கு பின் அச்சின்மேல் விழும். எடுத்துக்காட்டாக, பாரம் ஏற்றிய ஒரு வண்டியின் பின் அச்சில் மட்டும் 1,900 கிலோ நிற்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு பின் டயரும் 950 கிலோ தாங்க வேண்டும். 104 எண்ணுள்ள டயர் இதற்குப் போதாது. 108 எண்ணுள்ளது போதும். இரண்டும் ஒரே அளவாகவும் ஒரே தோற்றமாகவும் இருக்கலாம். ஒரே அளவில் ஜீப்புக்கென ஒன்றும், எல்.டி. என்ற குறியுடன் சரக்கு வண்டிக்கென மற்றொன்றும் விற்கப்படுவது உண்டு. ஏ.டி. டயர்களுள் பல, ஜீப்புகளை உத்தேசித்துச் செய்யப்பட்டவை. பட்டன் பெரிதாக இருப்பதைக் கண்டு பார எண்ணைப் பாராமல் வாங்குவது, கழுத்துமணி பெரிதாக இருக்கிறதென்று மாட்டை வாங்குவதற்கு ஒப்பாகும்.

சரக்கின் எடையையும் ஊகத்துக்கு விடலாகாது. ஒரு வாழைத்தார் 15 கிலோ என்று குறைவாகக் கொண்டாலும், 100 தார் 1,500 கிலோவாகும். ஒருமுறையேனும் எடைமேடையில், மொத்த வண்டியையும், பின்னர்ப் பின் சக்கரங்களை மட்டும் நிறுத்தியும், எடை பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பதிவுச் சான்றில் கண்ட மொத்த எடைக்கு மேல் ஏற்றுவதை எந்த டயரும் நியாயமாக்காது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு, 2019-இல் திருத்தப்பட்டபடி, அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது.

மூவகை டயர்கள்

1. நெடுஞ்சாலை டயர். இதில் நீளவாட்டில் கோடுகள் ஓடும். சரக்கு வண்டிக்காரர் 'ரிப்' என்பர். தார்ச்சாலையில் இது அமைதியாக ஓடும், எண்ணெய்ச் செலவு குறைவு, தேய்மானமும் குறைவு. சேற்றில் வழுக்கும்.

2. ஏ.டி. டயர். இதன் ரப்பர்க் கட்டிகள் சற்றுப் பெரியவை, இடைவெளியும் அதிகம். சரக்கு வண்டி டயர்களில் 'செமி லக்' என்பது இதற்கு நெருங்கிய உறவினது. சரளையிலும் மண்பாதையிலும் நன்றாகப் பிடிக்கும். கனமும் உருளும் தடையும் அதிகமாதலால் எண்ணெய் சிறிது கூடுதலாகச் செலவாகும்.

3. சேற்று டயர். எம்.டி. என்பது இதுவே. கட்டிகள் மிகப் பெரியவை. இடைவெளி மிக அகலம். தார்ச்சாலையில் இரைச்சல் மிகுதி, தேய்மானம் விரைவு, மழை நனைத்த சாலையில் பிடிப்புக் குறைவு. அன்றாடம் மண்டிக்குச் செல்லும் வண்டிக்கு இது தகுந்ததன்று.

சில டயர்களில் எம், எஸ் என்னும் எழுத்துகளும், சிலவற்றில் மலையும் பனித்துகளும் வரைந்த முத்திரையும் காணப்படும். முன்னது சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றதென்று செய்தவரே போட்டுக்கொள்ளும் குறி. பின்னது பனித்தரைச் சோதனையில் தேறியதற்கு அடையாளம். திருச்சிராப்பள்ளி வெயிலில் ஓடும் வண்டிக்காக அம்முத்திரைக்கு அதிக விலை கொடுக்க வேண்டுவதில்லை.

பாதைக் கணக்கு

ஒரு மாத காலம் வண்டி ஓடிய தூரத்தைத் தார்ச்சாலை, மண்பாதை, வயல் என மூன்று பத்திகளாகக் குறித்து வருதல் நன்று. நூறு கிலோமீட்டரில் எண்பதுக்கு மேல் தார்ச்சாலையாக இருப்பின் நெடுஞ்சாலை டயரே போதும். முப்பது அல்லது அதற்கு மேல் சரளையும் மண்ணுமாக இருப்பின் ஏ.டி. அல்லது செமி லக் டயர் தன் விலைக்கு வேலை செய்யும். இடைப்பட்டவர்கள், பின் சக்கரங்களுக்கு மட்டும் செமி லக் போட்டுக்கொள்ளலாம். இது ஒரு கைக்கணக்கே. எனினும் கடைக்காரர் சொல்லும் சொல்லினும் நம்பத்தக்கது.

மண்ணின் இயல்பும் கவனிக்கற்பாலது. தீவுக் கிராமங்களின் படுகை மண்ணிலும் மணலிலும், பட்டனைவிடக் காற்றழுத்தமே அதிகமாக உதவும். மணப்பாறைப் பக்கத்துச் செம்மண் சரளையில் ஏ.டி. டயரின் தடித்த ரப்பர் கூரிய கல்லுக்கு ஈடுகொடுக்கும். ஆனால் சீமைக் கருவேல முள்ளுக்கு எதுவும் முழுக் காப்பன்று. முள் தைத்தாலும் டியூப்லெஸ் டயரில் காற்று மெதுவாகவே இறங்குமாதலால், அங்கு அதுவே மேல். புள்ளம்பாடிப் பக்கத்துக் கரிசலில் நிலைமை வேறு. நனைந்த கரிசல், ஏ.டி. டயரின் இடைவெளிகளில் அப்பி, சிறிது தூரத்திற்குள் அதனை மொட்டை டயர் போலாக்கிவிடும். அங்கு மழை விட்டபின் தரை காயும்வரை காத்திருப்பதோ, டிராக்டர் டிரெயிலரில் சரக்கைச் சாலைக்குக் கொண்டுவந்து மாற்றுவதோ, புது டயர் வாங்குவதினும் சிக்கனமானது.

பிக்கப் வண்டிகளுள் பெரும்பாலானவற்றில் பின் சக்கரங்களே இழுக்கின்றன. வெறும் வண்டியில் அவற்றின்மேல் பாரமில்லாமையால், சேற்றில் அவை வீணே சுழலும். எனவே நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு ஏ.டி. டயர் தரும் பயன் முழுவதையும் இவ்வண்டிகளில் எதிர்பார்க்கலாகாது.

பெரிய அளவின் மயக்கம்

உயரம் வேண்டி 215-க்குப் பதில் 235 அகலமுள்ள டயரைச் சிலர் போடுகின்றனர். 215/75 ஆர் 15 டயரின் குறுக்களவு சுமார் 703 மில்லிமீட்டர்; 235/75 ஆர் 15 டயரினுடையது சுமார் 733. வண்டி உயர்வது 15 மில்லிமீட்டர் மட்டுமே. ஆனால் வேகமானி 60 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 62½ கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். இழுவிசையும் அந்த விகிதத்தில் குறையும். வளைவில் டயர் உராயவும் கூடும். வண்டியைச் செய்தவர் குறித்த அளவையே கொள்ளுதல் உத்தமம்.

காற்று

சரியான டயரும் காற்றுக் குறைந்தால் கெடும். காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மடிந்து நிமிர்ந்து சூடேறுகிறது. சித்திரை வைகாசி வெயிலில், அதிக பாரத்துடன், நெடுஞ்சாலையில் வேகமாகச் செல்லும்போது அச்சூடு மிகுந்து டயர் வெடிக்கிறது. வாரம் ஒருமுறை, காலையில் வண்டி எடுக்குமுன், டயர் குளிர்ந்திருக்கையில் காற்றை அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டுவது இயல்பு. அதனைக் கண்டு காற்றை இறக்குவது தவறு.

மணலில் செல்ல நேரின், வெறும் வண்டியாகவோ இலேசான பாரத்துடனோ இருக்கையில் மட்டும், அழுத்தத்தில் நாலில் ஒரு பங்கைக் குறைத்து, நடை வேகத்தில் செல்லலாம். தார்ச்சாலை ஏறுமுன் மீண்டும் நிரப்பியாக வேண்டும். காற்றடிக்கும் கருவி கைவசமில்லாதவர் காற்றை இறக்கவே கூடாது.

வாங்கும்போதும் பின்னரும் கவனிக்க வேண்டியவை

1. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

2. பக்கச் சுவரில் நான்கு எண்கள் தனியே இருக்கும். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்ததென்று பொருள். நெடுநாள் கிடந்த சரக்கைத் தள்ளிவிட வேண்டும்.

3. ஒரே அச்சில் இருவேறு வகை டயர்களைப் போடலாகாது.

4. பள்ளங்களினடியில் உள்ள தேய்மானக் கட்டை மட்டத்துக்கு ரப்பர் தேய்ந்துவிட்டால், அதாவது 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால், டயரை மாற்றியே தீர வேண்டும்.

5. ஸ்டெப்னியையும் மற்றவற்றைப் போலவே காற்றுப் பார்த்து வர வேண்டும். ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகிறது.

கிராம அதிகாரிகளுக்கு

வாய்க்கால் கரை ஈரமாக இருக்கையில் பெரிய பட்டன் டயர்கள் அதனை உழுதுவிடுகின்றன. அத்தடங்களில் நீர் தேங்கிக் கரை இளகுகிறது. கரை உடைந்தால் நஷ்டம் வண்டிக்காரருக்கு மட்டுமன்று, ஆயக்கட்டு முழுவதற்குமாகும். ஆதலால் ஐப்பசி மழைக்கு முன் தடங்களில் சரளை நிரப்பி, பாதைக்குச் சாய்வு கொடுத்து நீரை வடித்துவிடுதல் அவசியம். கனமழைக்குப் பின் ஓரிரு நாள் பார வண்டிகளைக் கரையில் விடாதிருக்கும்படி ஊரார் கூடி ஏற்பாடு செய்துகொள்வதும் நன்று. வடிகாலுள்ள பாதை அமைந்துவிட்டால், அவ்வூரில் பலருக்கு விலையுயர்ந்த டயரே தேவைப்படாமற்போகும்.

பாரத்தை நிறுத்து, பாதையைக் குறித்து, அவ்விரண்டுக்கும் ஏற்ற டயரை வாங்கி, வாரந்தோறும் காற்றைச் சோதித்து வரும் விவசாயிக்கு, வாழைத்தார் அடிபடாமலும் வண்டியோட்டி ஆபத்தின்றியும் மண்டி சேர்வர்.