குழலுக்குள் எத்தனை வரி வேண்டும்?

கேள்வி: கண்டியில் தலைமையகம் வைத்திருந்த தோட்டத்துரைமாரின் றைபிள் படையைப் பற்றி எங்கள் தாத்தா நிறையச் சொல்வார். அந்தக் காலத்து .303 குழலுக்குள் ஐந்து வரி ஓடும், அதனால்தான் குறி தப்பாது என்பார். வரி கூடினால் குறியும் கூடுமா? குழல் செய்யும் முறையால் வித்தியாசம் வருமா?
– வாசகர், கட்டுகஸ்தோட்டை

பதில்: தாத்தா சொன்ன ஐந்து சரி. ஆனால் குறிக்குக் காரணம் அந்த எண்ணிக்கை அல்ல.

குழலின் உட்சுவரில் முறுக்கி ஓடும் பள்ளமே வரி. அதன் வேலை சன்னத்தைச் சுழற்றி விடுவது. சுழலும் சன்னம் புரளாமல் மூக்கை முன்னே வைத்துப் பறக்கும். கண்டி அரசர் காலத்துத் துவக்குகளின் பிடி வேலைப்பாடு கண்ணைப் பறிக்கும், குழலின் உட்புறமோ வரியில்லாத வழுவழுப்பு. 100 யார் தாண்டினால் அவற்றின் குறியை நம்ப முடியாது. 1803இல் பிரித்தானியருக்கு எதிரான போரில் மலைப்பாதையில் மறைந்திருந்து கிட்டத்தில் சுட்டவர்களுக்கு அதற்குமேல் தேவைப்படவும் இல்லை.

தூரக் குறி வேண்டுமென்றால் முதலில் பார்க்க வேண்டியது வரியின் முறுக்கு. 1800இல் பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்ட றைபிளில் 120 அங்குலத்துக்கு ஒரு சுற்று. உருண்டைக் குண்டுக்கு அது போதும். .303இன் நீண்ட சன்னத்துக்கு 10 அங்குலத்துக்கே ஒரு சுற்று தேவைப்பட்டது. சன்னம் நீள நீள முறுக்கும் இறுக வேண்டும்.

வரியின் வடிவம் பெரும்பாலும் குழலின் ஆயுளைத்தான் தீர்மானிக்கிறது. 1888இல் வந்த .303 றைபிளான லீ-மெட்ஃபோர்டில் ஏழு வரி, ஆழம் குறைந்து விளிம்பு மழுங்கியவை. கரிமருந்தின் புகைக்கசடு ஒட்டாமலிருக்க அது நல்ல ஏற்பாடு. புகையில்லாத கோர்டைட் மருந்து வந்ததும் அதன் வெப்பம் அந்த மெல்லிய வரிகளை அரித்துவிட்டது. 1895இல் அதன் வழிவந்த லீ-என்ஃபீல்டுக்கு ஆழமான, சதுர விளிம்புள்ள ஐந்து வரிகள் வந்தது அதனால்தான். இரண்டாம் உலகப் போரில் வேலையை விரைவாக்க இரண்டே வரியுடன் .303 குழல்கள் செய்தார்கள். போர்க்களத் தேவைக்கு அவை குறையின்றிச் சுட்டன. 1840களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறி யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கரின் பெரிய றைபிளிலும் இரண்டு வரிதான்.

செய்முறைக்கு வருவோம். பழைய முறையில் ஒற்றைக் கத்தி குழலுக்குள் பலமுறை போய்வந்து, ஒவ்வொரு முறையும் மயிரிழை அளவு இரும்பைச் சீவும். நேரம் பிடிக்கும், ஆனால் உலோகத்துக்குள் இறுக்கம் தங்காது. இன்னொன்றில் மிகக் கடினமான ஒரு குமிழை உள்ளே இழுத்து வரியை அழுத்திப் பதிப்பார்கள். உட்புறம் பளபளக்கும், இறுக்கம் மிஞ்சும். சூடேற்றி அதைத் தணிக்காமல் வெளிப்புறத்தைக் கடைந்தால் உள்ளளவு இடத்துக்கு இடம் மாறிவிடும். ஜெர்மனியில் வளர்ந்த மூன்றாவது முறையில் வரியின் அச்சை உள்ளே வைத்து வெளியிலிருந்து இயந்திரம் அடிக்கும். விரைவானது, குழலும் நெடுநாள் உழைக்கும். பந்தயத்தில் மிகத் துல்லியமாகச் சுடுகிறவர்கள் பெரும்பாலும் முதலிரண்டையே நாடுகிறார்கள். கவனமாகச் செய்தால் அந்த இரண்டில் எது மேல் என்று இலக்கைப் பார்த்துச் சொல்ல முடியாது. முழு நீளத்துக்கும் உள்ளளவு ஒரே சீராக இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

அடுத்தது குழலின் வாய். சன்னம் கடைசியாகத் தொடும் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்திருந்தால், வாயு அந்தப் பக்கம் முந்திப் பீறிட்டுச் சன்னத்தைத் தள்ளிவிடும். .303ஐக் கயிறு இழுத்துத் துடைப்பார்கள். கயிறு ஒரே பக்கம் உராய உராய வாய் நீள்வட்டமாகிவிடும். வரிகள் ஐந்தும் நன்றாயிருந்தும் குறி கெட்டுப்போன பழைய குழல்களில் இந்தத் தேய்மானத்தைப் பார்க்கலாம்.