ஒளித்த இடம் உனக்குத் தெரியக் கூடாது

அன்புள்ள தம்பிக்கு,

மோப்ப நாய்ப் பிரிவில் உன்னை எடுத்துக்கொண்டார்கள் என்று அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். நாயை எப்படிப் பழக்குவது என்று கேட்டிருக்கிறாய். நாய் சீக்கிரம் பழகிவிடும். நான் எழுத நினைப்பது உன்னைப் பற்றி.

மைதானத்தில் பெட்டிகளை வரிசையாக அடுக்கி, ஒன்றில் வெடிமருந்து மாதிரியை வைப்பார்கள். ஆரம்பத்துக்கு அது போதும். ஆனால் எந்தப் பெட்டி என்பது உனக்கும் தெரிந்திருந்தால், அங்கே போனதும் உன் நடை தானாகவே தளரும். கையில் வார் லேசாக இறுகும். பார்வை ஒரு நொடி அங்கேயே நிற்கும். நாய் மூக்கை மட்டும் நம்புவதில்லை, உன்னையும் படிக்கிறது. நீ நின்ற இடத்தில் உட்கார்ந்து காட்டினால் பரிசாகப் பந்து கிடைக்கும் என்று கற்றுக்கொண்டுவிடும்.

கலிஃபோர்னியாவில் லிசா லிட் குழுவினர் செய்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. தேர்ச்சி பெற்ற 18 நாய்களும் அவற்றின் பயிற்றுநர்களும் ஒரு தேவாலயத்தின் அறைகளில் தேடினார்கள். சில இடங்களில் சிவப்புத் தாள் ஒட்டி, போதைப்பொருள் அல்லது வெடிமருந்து வாசனை இருக்கும் இடத்துக்கு அதுதான் அடையாளம் என்று பயிற்றுநர்களிடம் சொல்லியிருந்தார்கள். உண்மையில் எங்குமே அந்த வாசனை இல்லை. 144 தேடல்களில் 21 மட்டுமே பிழையில்லாமல் முடிந்தன; மற்றவற்றில் 'இங்கே இருக்கிறது' என்று பயிற்றுநர்கள் 225 முறை சொன்னார்கள். நாய்தான் உட்கார்ந்ததா, உட்கார்ந்ததாக இவர்களுக்குத் தோன்றியதா என்பதை அந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை. எதுவாக இருந்தாலும் கோளாறு வாரின் இந்த முனையில்தான்.

அதனால் பயிற்சியை மெய்யான இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கேள். ரயில் நிலையம் என்றால் அறிவிப்புச் சத்தமும் வடை எண்ணெய் வாசனையும் தள்ளுவண்டியும் நாயைச் சுற்றி இருக்கட்டும். மாதிரியை வேறொருவர் ஒளிக்க வேண்டும். அவரும் நீ தேடும்போது கண்ணில் படக் கூடாது. வைத்ததும் தேடாமல், வாசனை பரவச் சற்று நேரம் விடுங்கள். அவர் போட்டிருந்த கையுறை போல வெறும் கையுறைகளையும் அங்கங்கே வைக்கச் சொல். இல்லையென்றால் நாய் கையுறை வாசனையைத் தேடப் பழகிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், எதுவுமே ஒளிக்காத தேடல். அதுவும் முன்கூட்டி உனக்குத் தெரியக் கூடாது. பணியில் பெரும்பாலும் நீ தேடப்போகும் இடத்தில் ஒன்றும் இருக்காது. மேலதிகாரியும் கூட்டமும் பார்த்துக்கொண்டிருக்கும்போது 'இங்கே எதுவும் இல்லை ஐயா' என்று சொல்ல உனக்கு வாய் வர வேண்டும். அதை முதன்முதலாகப் பழகும் இடம் ரயில் நிலையமாக இருக்கக் கூடாது என்றே இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வெறும் தேடல் முடிந்ததும் நாயை அப்படியே கூண்டுக்குக் கொண்டுபோகாதே. பக்கத்திலேயே எளிதான ஒன்றை வைக்கச் சொல்லி, கண்டுபிடிக்க விட்டு, பந்தைக் கொடு. தேடும் ஆசை குறையாமல் இருக்கும்.

அன்புடன்,
உன் அண்ணன்