நாய்க்கு ஏசி, கைதிக்குக் கூடாரம்

கேள்வி: அமெரிக்காவில் விலங்குக் காப்பகங்களில் சிறைக் கைதிகளை வேலைக்கு வைக்கிறார்களாமே, நல்ல யோசனைதானே?
– வாசகர், கரூர்

பதில்: பாதி நல்ல யோசனை. அரிசோனாவின் மாரிகோப்பா கவுன்ட்டியில் ஷெரிஃப் ஜோ அர்பாயோ 2000-ல் இதைத் தொடங்கினார். பீனிக்ஸ் நகரில் கைதிகளை வேறிடத்துக்கு மாற்றிக் காலியாக இருந்த பழைய சிறையின் அறைகளில், கொடுமையிலிருந்து மீட்ட நாய்களையும் பூனைகளையும் குடிவைத்தார்கள். வழக்கு முடியும்வரை அவை சாட்சியங்கள். கூண்டு கழுவுவது, குளிப்பாட்டுவது, நடக்கக் கூட்டிப்போவது எல்லாம் கைதிகள். உதைபட்ட நாய் மறுபடி ஒரு கையை நம்பி வந்து முகர்ந்து பார்க்க நாளாகும். அதுவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கக் கைதிக்குத்தான் பொழுது உண்டு. இந்த வேலையால் இரு தரப்புக்கும் லாபம்தான்.

ஆனால் நாய்களுக்கு ஏசி. அதே ஷெரிஃப் 1993-ல் திறந்த 'டென்ட் சிட்டி'யில் கைதிகளுக்குப் பாலைவன வெயிலில் கூடாரம்! (2017-ல்தான் மூடினார்கள்.) வேலையிலும் ஒரு சிக்கல்: அமெரிக்காவில் அடிமைமுறையை ஒழித்த 1865-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தமே, 'குற்றத்துக்குத் தண்டனையாக' என்றால் கட்டாய வேலைக்கு விலக்கு தருகிறது. அந்த ஓட்டை இன்னும் அடைபடவில்லை. கைதி விரும்பி வந்து, நியாயமான கூலியும் வாங்கினால் தாராளமாகச் செய்யட்டும். சம்பள ஆளைக் குறைக்கத்தான் கைதி என்றால், வேண்டவே வேண்டாம்.