வீட்டில் கடலை மிட்டாய் செய்யும் முறை

பள்ளியிலிருந்து பசியோடு திரும்பும் குழந்தைகளுக்கு ஏற்ற சிற்றுண்டிகளுள் கடலை மிட்டாய் சிறந்ததொன்றாகும். இதற்குப் பேர்போன கோவில்பட்டியின் கடலை மிட்டாய் 2020-ம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. ஆயினும் இதனைச் செய்வதற்கு யந்திரமோ பெருமுதலோ தேவையில்லை. நிலக்கடலை, வெல்லம், ஓர் இரும்புச் சட்டி, ஒரு முறம் ஆகியவை போதும்.

நிலக்கடலைப் பருப்பின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு புரதமாகும். பாதிக்குச் சற்றுக் குறைவானது எண்ணெய். ஆகவே இது சரீரத்திற்குப் புஷ்டி தரும் ஆகாரமாம். ஆனால் பருப்பு பழுதாயிருப்பின் அதுவே கேடு விளைக்கும்.

பருப்பைத் தெரிதல்: 1960-ம் ஆண்டில் இங்கிலாந்தில் சுமார் ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்தன. அவற்றின் தீவனத்தில் கலந்திருந்த கடலைப் பிண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சே காரணமென்று பின்னர் ஆராய்ச்சியால் வெளிப்பட்டது. அப்ளடாக்ஸின் எனப்படும் அந்நஞ்சு ஈரலைக் கெடுப்பது. நாளடைவில் ஈரற் புற்றுநோய்க்கும் காரணமாவது. வறுப்பதனால் அது முற்றிலும் ஒழிவதில்லை. ஆகையால் பூஞ்சணம் பூத்தவை, நிறம் மாறியவை, சுருங்கியவை, கசப்பவை ஆகிய பருப்புகளைச் சிக்கனங் கருதாமல் நீக்குக. நீக்கியவற்றைப் பசுவிற்கும் இடலாகாது. அந்நஞ்சு பாலின் வழியே மீண்டும் நம் குழந்தைகளை வந்தடையும். அவற்றைப் புதைத்துவிடுதலே நன்று.

தேவையான பொருள்கள்: தெரிந்தெடுத்த பருப்பு 500 கிராம்; வெல்லம் 350 கிராம்; சிறிது சுக்குப்பொடி; தட்டில் தடவ நெய்.

செய்முறை:

1. பருப்பை இளந்தீயில் கைவிடாமல் கிளறி வறுக்கவும். தேய்த்தவுடன் தோல் கழலுமாயின் அதுவே பதம். ஆறியபின் தேய்த்து, முறத்திலிட்டுப் புடைக்கவும். தோல் நீங்கியபின் பழுதுகள் நன்கு புலப்படுமாதலால் இரண்டாம் முறையும் ஆராய்ந்து பொறுக்குக.

2. வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து, மண் நீங்க வடிகட்டி, மறுபடி அடுப்பிலேற்றிக் காய்ச்சவும்.

3. பாகில் ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் விட்டுப் பார்க்கவும். மெழுகுபோல் வளைந்தால் இன்னும் காய வேண்டும். இறுகி, தட்டில் எறிந்தால் கல்போல் ஒலித்து, கடித்தால் நொறுங்குமாயின் உடனே இறக்கவும். பதம் குறைந்தால் மிட்டாய் பல்லில் ஒட்டும். மிகுந்தால் கருகிக் கசக்கும்.

4. பருப்பையும் சுக்குப்பொடியையும் பாகிலிட்டு விரைந்து கிளறி, நெய் தடவிய தட்டிற் கொட்டிப் பரப்புக. சூடு தணியுமுன்னரே கத்தியால் கீறிவிட்டு, நன்கு ஆறியபின் துண்டுகளாக உடைக்கவும்.

இவ்வளவில் 25 கிராம் எடையுள்ள துண்டுகள் முப்பதுக்கு மேல் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய மூன்றரை கிராம் புரதம் உண்டு. ஈரம் புகாத மூடியுள்ள டப்பாவில் வைத்தால் மிட்டாய் பிசுபிசுக்காது.

எச்சரிக்கை: வெல்லமும் இனிப்பே யாதலால் நாளொன்றுக்கு ஓரிரு துண்டுகள் போதும், தின்றபின் வாய் கொப்பளிக்கப் பழக்குக. ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்குப் பருப்பு தொண்டையில் அடைத்துக்கொள்ளக்கூடும். அவர்களுக்கு வறுத்த கடலையை நன்றாகப் பொடித்து, வெல்லஞ் சேர்த்து மிருதுவான உருண்டையாகக் கொடுக்கலாம். கடலை தின்றால் தடிப்போ மூச்சுத்திணறலோ காண்பவர்கள் இதனை அறவே தவிர்க்க வேண்டும்.

கடலை பயிரிடும் குடியானவர்களுக்கு ஒரு வார்த்தை. பறித்த காயை ஈரத்தோடு குவித்து வைத்தால் பூஞ்சணம் பற்றும். அசைத்தால் உள்ளே பருப்பு கலகலவென்று ஒலிக்கும்வரை வெயிலில் உலர்த்திய பின்னரே மூட்டை கட்டுக. நல்ல மிட்டாய்க்கு வேண்டிய முதல் வேலை அடுப்படியிலன்று, களத்திலேயே தொடங்குகிறது.