மழை விட்டதும் படுக்கப் போகாதீர்கள்

வடகிழக்குப் பருவமழை: அடையாற்றின் இரு கரைகளிலும் குடியிருப்போருக்கு

ஐப்பசி பிறந்துவிட்டது. காற்று கிழக்கே திரும்பியாயிற்று. இன்னும் சில நாளில் பருவமழை இறங்கிவிடும். மணப்பாக்கம், நந்தம்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பக்கம் ஆற்றை ஒட்டிய தெருக்களில் இருப்பவர்கள், அதிலும் தரைத்தளத்தில் இருப்பவர்கள், இதை ஒரு முறையாவது முழுதாகப் படியுங்கள். படித்துவிட்டு மாடிவீட்டுக்காரரிடமும் கொடுங்கள். ராத்திரியில் நீங்கள் தட்டப்போவது அவர் கதவைத்தான்.

முதலில் வழக்கமான வேலைகள். மொட்டை மாடிக் குழாய் வாயில் அடைத்துக் கிடக்கும் சருகை எடுங்கள். வாசலில் வடிகால் மூடிமேல் கட்டட மணலைக் கொட்டி வைத்திருப்பவர்கள் இன்றே அள்ளுங்கள். சம்ப் மூடியை இறுக்கமாகப் பொருத்துங்கள். இன்வெர்ட்டர் பேட்டரி தரையில் இருந்தால் மேலே ஏற்றுங்கள். டார்ச், பவர் பேங்க், தீப்பெட்டி. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் பத்து நாளுக்கு. ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பையில், பரண்மேல். மர அலமாரியின் அடித்தட்டில் வேண்டவே வேண்டாம். ஊறிய மரக்கதவு உப்பிக்கொண்டால் திறக்காது. கடப்பாரையால் நெம்பித் திறந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிப்போன பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்களை ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் பார்க்கிறோம்.

இவ்வளவையும் பெரும்பாலானோர் செய்துவிடுகிறீர்கள். செய்யாமல் விடுவது வேறொன்று.

ஆற்றங்கரையில் ஆளைக் கொல்வது மழை விட்ட பிறகு வரும் தண்ணீர். இதைத் திரும்பவும் சொல்கிறேன்: மழை விட்ட பிறகு வரும் தண்ணீர். உங்கள் தெருவில் பெய்த மழை கணுக்கால் வரும், மோசமானால் முழங்கால் வரும், வடிகால் ஒழுங்காக இருந்தால் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். ஆற்றில் வருவது உங்கள் தெருவில் பெய்தது இல்லை. ஸ்ரீபெரும்புதூர், மணிமங்கலம், ஆதனூர், தாம்பரம் பக்கம் காலையில் பெய்தது, ஏரி ஏரியாக நிரம்பி, கலங்கல் தாண்டி, கால்வாய் பிடித்து, நீங்கள் சாப்பிட்டுவிட்டுப் படுக்கும் நேரத்துக்கு வந்து சேர்கிறது. அப்போது உங்கள் வானத்தில் நட்சத்திரம்கூடத் தெரியலாம்.

2015 டிசம்பரை மறந்தவர்களுக்காக. அந்த ஆண்டு நவம்பரில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 100 சென்டிமீட்டருக்கு மேல் பெய்திருந்தது. ஏரிகள் தளும்பிக்கொண்டிருந்தன, மண் இனி ஒரு சொட்டு உறிஞ்சாது என்ற நிலை. அதன்மேல் டிசம்பர் 1 அன்று மழை கொட்டியது. மறுநாள் காலை 8.30 மணிக்கு அளந்தபோது 24 மணி நேரக் கணக்கு தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. வானிலை ஆய்வு மையம் சிவப்பு எச்சரிக்கை கொடுப்பதே 20 செ.மீ.யைத் தாண்டும் மழைக்குத்தான் என்பதை வைத்து இதை எடைபோடுங்கள். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வெளியேறியது. ராத்திரி கண் அயர்ந்த நேரத்தில் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தில் போக்குவரத்து நின்றது. விமான நிலையத்தை மூடினார்கள். 1878-லிருந்து வந்துகொண்டிருக்கும் ‘தி இந்து’ நாளிதழின் சென்னைப் பதிப்பு டிசம்பர் 2 அன்று அச்சாகவில்லை, ஊழியர்கள் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியாததால். அந்தப் பருவத்தில் இறந்தவர்கள் 289 பேர் என்கிறது தணிக்கைத் துறையின் அறிக்கை. ஏரியைத் திறந்த விதத்தையும் அந்த அறிக்கை கடுமையாகக் குறை சொன்னது. யார் மேல் தவறு என்ற விவாதம் நடக்கட்டும், நடக்கத்தான் வேண்டும். ஆனால் அடுத்த முறை எல்லாம் சரியாகவே திறக்கப்பட்டாலும் உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வரலாம். செம்பரம்பாக்கத்துக்காவது மதகு உண்டு, திறப்பதற்கு முன் அறிவிப்பு உண்டு. அடையாற்றில் விழும் மற்ற ஏரிகளில் பலவற்றுக்குக் கலங்கல்தான். நிரம்பினால் தானாக வழியும். அதை யாரும் தேதி, நேரம் குறித்துத் திறப்பதில்லை, அதனால் யாரும் முன்கூட்டி அறிவிக்கவும் முடியாது.

அறிவிப்பைப் படிக்கும் விதத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். செம்பரம்பாக்கம் உபரிநீர் திறப்பு என்று செய்தி வரும்போது, சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை என்று வரிசையாக ஊர்ப் பெயர் வரும். சைதாப்பேட்டையில் இருப்பவர் “நம்ம ஏரியா பேரே இல்லையே” என்று சானலை மாற்றிவிடுகிறார். ஐயா, அந்த வரியின் கடைசியில் “மற்றும் அடையாறு ஆற்றின் இருபுறமும் உள்ள தாழ்வான பகுதிகள்” என்று ஒன்று வருகிறதே, அது நீங்கள்தான். உங்கள் கதவிலக்கத்தைப் போட்டு எழுத முடியாது.

இன்னொரு தவறு, முதல் எண்ணைப் பார்த்து ஏமாறுவது. 2020 நவம்பர் 25, நிவர் புயலன்று, நண்பகலில் 1,000 கன அடி என்றுதான் திறந்தார்கள். “ஆயிரம்தானே” என்று எத்தனை பேர் சொன்னீர்கள்? இரவுக்குள் அது 9,000 ஆயிற்று. ஏரியின் முழு உயரம் 24 அடி. 22 அடியைத் தொட்டுவிட்டது, மேலே மழையும் தொடர்கிறது என்றால், எண் எதுவாக இருந்தாலும் மூட்டையைக் கட்டத் தொடங்கிவிடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாளானால் இன்னும் முன்னதாக. கடல் ஏற்றமாக இருக்கும்போது பட்டினப்பாக்கம் முகத்துவாரத்தில் ஆறு எளிதில் இறங்காது. பின்னால் வருகிற தண்ணீர் கோட்டூர்புரத்தில் தேங்கி உயரும்.

ஐப்பசியில் எல்லோரும் பயப்படுகிறீர்கள். இரண்டு தூறலுக்கே பால் பாக்கெட் கடையில் தீர்ந்துவிடுகிறது, கார்களை மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்திவிடுகிறீர்கள். கார்த்திகை வந்தால் அலுத்துப்போகிறது. “எத்தனை தடவைதான் சொல்வாங்க, ஒண்ணும் வரலையே.” ஐப்பசி மழையை வற்றிய ஏரிகள் குடித்துவிடும். கார்த்திகையில் அவற்றுக்கு இடமில்லை. 2015-ம் கார்த்திகை, 2023-ல் மிக்ஜாம் வந்ததும் கார்த்திகை. மிக்ஜாமின்போது புயல் ஆந்திரக் கரையைத் தாண்டிப் போன பிறகும் வேளச்சேரியில், பள்ளிக்கரணையில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றதைப் பார்த்தீர்களே.

ஆகவே: மழை விட்டதும் படுக்கப் போகாதீர்கள். மேல்பக்கத்தில் பலத்த மழை பெய்த நாளின் இரவில், வீட்டில் ஒருவராவது முறைவைத்து விழித்திருங்கள். வாசற்படிக்கு வெளியே சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அரை மணிக்கு ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள். மழையில்லாத நேரத்தில் கோட்டைத் தாண்டி ஏறினால் அது ஆறு. கழிப்பறைக் கோப்பையிலோ குளியலறைச் சல்லடையிலோ தண்ணீர் கொப்பளித்து மேலே வந்தாலும் அதே அர்த்தம். வாசல் வழியாக வருவதற்கு முன் அது அந்த வழியாகத்தான் எட்டிப்பார்க்கும். அதைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டு நிற்காதீர்கள். கிளம்புங்கள்.

ஒலிபெருக்கி வைத்த வண்டி தெருவுக்கு வந்து வெளியேறச் சொன்னால், அப்போதே. டிவியைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு வருகிறேன், வீட்டைப் பூட்டிக்கொண்டு அவர் இருக்கட்டும் நாங்கள் போகிறோம், அம்மாவால் நடக்க முடியாது காலையில் பார்க்கலாம்: ஒவ்வொரு முறையும் இதே மூன்று பதில்கள். நடக்க முடியாதவர்களை வெளிச்சம் இருக்கும்போதே, மழை தொடங்கும்போதே, உறவினர் வீட்டுக்கு அனுப்புங்கள். இருட்டில், இடுப்பளவு தண்ணீரில், நாற்காலியோடு அவர்களைத் தூக்கி வருவது எவ்வளவு கஷ்டம் என்று படகோடு வருகிறவர்களைக் கேட்டுப்பாருங்கள். டிவி போனால் வாங்கலாம். இதை எழுதுவதற்கே எரிச்சலாக இருக்கிறது.

வேடிக்கை பார்க்க ஏரிக்கரைக்கும் பாலத்துக்கும் பிள்ளைகளோடு போவதையும் நிறுத்துங்கள். ஆற்றோரம் நின்று செல்ஃபி எடுப்பவரை விரட்ட ஒரு போலீஸ்காரரை நிறுத்த வேண்டியிருக்கிறது. அவருக்கு அன்றைக்கு வேறு வேலை உண்டு.

மின்சாரம்: தண்ணீர் வாசற்படியைத் தொடும்போதே மெயினை அணைத்துவிடுங்கள். காலடியில் தண்ணீர் நின்ற பிறகு மெயின் பெட்டி பக்கமே போகாதீர்கள். மின்வாரியத்தின் மின்னகத்துக்கு, 94987 94987, சொல்லுங்கள். தெருமுனைப் பில்லர் பாக்ஸை விட்டு விலகி நடங்கள். அடுக்குமாடிச் சங்கங்கள் ஜெனரேட்டரைத் தரைமட்டத்துக்குக் கீழே வைத்திருந்தால் இந்த மாதமே இடம் மாற்றுங்கள். 2015-ல் ஆற்றை ஒட்டிய ஒரு பெரிய மருத்துவமனையிலேயே ஜெனரேட்டருக்குள் தண்ணீர் புகுந்தது. கேஸ் சிலிண்டர் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டுக் கிளம்புங்கள், சிலிண்டர் மிதக்கும். மாநகராட்சிக் கட்டுப்பாட்டு அறை 1913, மாவட்டத்துக்கு 1077, மாநிலத்துக்கு 1070. எண்களைச் செல்போனில் மட்டும் வைத்திருக்காமல் சுவரிலும் எழுதிவையுங்கள்.

திரும்பி வந்த பிறகு: மின்பணியாளர் பார்க்காமல் சுவிட்சைப் போடாதீர்கள். சம்ப்பை முழுதாக இறைத்து, கழுவி, குளோரின் போட்டு, அதன் பிறகே மோட்டார். அதுவரை கொதிக்கவைத்த தண்ணீர். சேற்றில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்குக் காய்ச்சலோ கெண்டைக்கால் வலியோ வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை கேட்காமல் மருத்துவ முகாமுக்குப் போங்கள். சேதத்தைப் போட்டோ எடுத்த பிறகு வீட்டைக் கழுவுங்கள். முழுகிய வண்டியை ஓடுகிறதா என்று ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள், இன்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும். தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் போங்கள்.